மூன்றாம் வாரத்தில் தொங்கிய பாதங்கள்: முந்திரித் தோப்பில் மருந்து அடித்தவரின் நரம்புச் சேதம்

பூச்சிமருந்து விஷத்தில் மூச்சு முட்டி, வென்டிலேட்டர் வரை போய்ப் பிழைத்து வீடு திரும்பியவருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாதம் தொங்க ஆரம்பித்தால், அதைப் பழைய விஷத்தோடு சேர்த்துப் பார்க்கப் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. முதுகுத் தண்டு, சர்க்கரை, குடி, மனபயம் என்று வேறு எதையாவது சொல்லிவிடுகிறார்கள். பண்ருட்டிப் பக்கத்துத் தோப்புகளில் மருந்து அடித்துவந்த ஒருவரின் நோயை முழுவதுமாக இங்கே எழுத அதுதான் காரணம். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தோப்பில் நடந்தது

வயது 41. முன்பு குத்தகைக்கு முந்திரித் தோப்பு எடுத்துப் பிழைத்தவர். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயலில் அந்த மரங்கள் சாய்ந்துபோக, அதற்கப்புறம் கூலிக்கு மருந்து அடிக்கப் போனார். மனைவி வீட்டிலேயே முந்திரிக்கொட்டை உடைக்கிறார். நோயாளிக்குத் தினமும் குடிக்கும் பழக்கம் இல்லை, சர்க்கரை இல்லை, முன்பு பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. மருந்து அடித்த நாட்களில் சாயங்காலம் தலைவலியும் குமட்டலும் முகத்தில் குறுகுறுப்பும் வருமாம். “அது எல்லாருக்கும் வர்றதுதான் டாக்டர், படுத்து எழுந்தா சரியாப் போயிடும்” என்றார்.

முந்திரிக்கு மருந்து அடிப்பது நெல்லுக்கும் கத்தரிக்கும் அடிப்பதைப் போன்ற வேலை இல்லை. பூவெடுக்கும் மாதங்களில் தேயிலைக் கொசு என்ற பூச்சி இளந்தளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருகவைக்கும். அதைப் பிடிக்க மரத்தின் உச்சிவரை அடிக்க வேண்டும். அதனால் ஸ்பிரேயர் கன்னை அண்ணாந்து பிடித்துத்தான் அடிக்கிறார்கள். மேலே போவதில் ஒரு பங்கு அடிப்பவரின் முகத்திலும் தோளிலும் இறங்கும். அடிமரத்தில் துளைப்பான் விழுந்திருந்தால் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தைக் கரைத்து மரத்தில் பூசுவார்கள், அது பெரும்பாலும் வெறுங்கையால் நடக்கும். முதுகில் மாட்டும் தெளிப்பானாக இருந்தால் கூலி டேங்குக் கணக்கு. நடுவில் நிறுத்திக் குளித்துவிட்டு வந்தால் அன்றைய டேங்க் குறையும்.

சம்பவம் ஒரு பிப்ரவரி மாதக் காலை. அன்றைய மருந்து குளோர்பைரிபாஸ் 50 சதவீதமும் சைபர்மெத்ரின் 5 சதவீதமும் சேர்ந்த கலவை. வாளியில் ஊற்றும்போது கேன் சரிந்து, தண்ணீர் கலக்காத மருந்து மடியிலும் இரண்டு தொடையிலும் கொட்டியது. துண்டால் துடைத்து, குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, நனைந்த கைலியோடு வேலையைத் தொடர்ந்தார். டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருந்ததால் முதுகிலும் ஒழுகிக்கொண்டே இருந்தது. நாசில் அடைத்தபோதெல்லாம் கழற்றி வாயால் ஊதினார். காலை ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை. பதினொரு மணி வாக்கில் கண் மங்கியது, எச்சில் ஊறியது, வயிறு முறுக்கியது. தொடைச் சதை தானாகத் துடித்ததைக் கூட வேலைசெய்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் விழுந்துவிட்டார்.

கைலியைக் கழற்றவோ உடம்பை சோப்புப் போட்டுக் கழுவவோ யாருக்கும் தோன்றவில்லை. மருந்து கேனையும் யாரும் எடுத்துப் போகவில்லை.

முதல் பதினோரு நாள்

மருத்துவமனைக்குப் போனபோது கண்மணிகள் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தன. நாடித் துடிப்பு 50க்குக் கீழே, நுரையீரல் முழுக்க ஈரச் சத்தம், உடம்பெல்லாம் வியர்வை. ஆர்கனோபாஸ்பேட் விஷம் என்று உடனே கண்டுபிடித்து அட்ரோபின் கொடுத்தார்கள், பிராலிடாக்ஸைம் என்ற மாற்றுமருந்தும் கொடுத்தார்கள். அந்த அட்ரோபின்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது.

குளோர்பைரிபாஸும் சேர்ந்த இந்த வகை மருந்துகள் அசெட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியைப் பிடித்து முடக்குகின்றன. நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி கொண்டுபோகும் அசெட்டைல்கோலினை வேலை முடிந்ததும் சிதைப்பது அந்த நொதி. அது முடங்கியதும் எல்லாச் சுரப்பியும் ஓயாமல் சுரக்கிறது, நுரையீரலில் நீர் நிறைகிறது, தசை துடித்துத் துடித்துக் கடைசியில் அயர்ந்துவிடுகிறது. சுரப்பைக் கட்டுப்படுத்த அட்ரோபின் போதும். தசைப் பலவீனத்தில் அதற்கு வேலை இல்லை.

மூன்றாம் நாள், நினைவு தெளிவாக இருந்தும் அவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. சில மணி நேரத்தில் மூச்சும் குறைந்தது. இலங்கையைச் சேர்ந்த மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரலியத்தவும் 1987இல் விவரித்த இடைநிலை நோய்த்தொகுதி இது. விஷம் ஏறிய முதல் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவே கழுத்து, தோள், தொடை, மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகும். வென்டிலேட்டரில் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலும் மீண்டுவிடுவார்கள். இவரும் மீண்டார். பதினோராம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

டிஸ்சார்ஜ் சீட்டில் “விஷம் உட்கொண்டதாகக் கூறப்படுகிறது, சிகிச்சைக்குப் பின் நலம்” என்ற பொருளில் இரண்டு வரி இருந்தது. மருந்தின் பெயர் இல்லை. மறுபடி எப்போது வர வேண்டும் என்பதும் இல்லை.

“நான் குடிக்கல”

அந்த உட்கொண்டதாக என்கிற சொல் அவரை விடவில்லை. கடலூர் மாவட்டத்தில் பூச்சிமருந்து நோயாளி என்றாலே முதலில் வரும் கேள்வி, “குடிச்சியா?” என்பதுதான். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. தற்கொலை முயற்சியாக வருபவர்கள் இங்கே அவ்வளவு பேர். தமிழ்நாடு அரசு 2023 தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளின் விற்பனையை 60 நாள் நிறுத்திவைத்ததும் தற்கொலைகளைத் தடுக்கத்தான். ஆனால் எல்லாரையும் அந்த ஒரே வரிசையில் நிற்கவைத்தால், வேலை செய்யும்போது விஷம் ஏறியவர் காணாமல் போய்விடுகிறார். சொந்தக்காரர்கள் மனைவியிடம் “வீட்ல என்ன சண்டை?” என்று கேட்டிருக்கிறார்கள். “என் புள்ளைங்க மேல சத்தியமா நான் குடிக்கல டாக்டர்” என்பதுதான் என்னிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம். கால் வலி பற்றி அதற்கப்புறம்தான் பேசினார்.

மருத்துவரீதியாகவும் இந்தக் கேள்வி முக்கியம். குளோர்பைரிபாஸால் பின்னால் வரும் நரம்புச் சேதம் மருத்துவ இலக்கியத்தில் பதிவானது பெரும்பாலும் குடித்தவர்களிடம்தான். தோல் வழியாக அவ்வளவு மருந்து உள்ளே போயிருக்குமா? இவருடைய விஷயத்தில் போயிருக்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கொட்டியது தண்ணீர் கலக்காத மருந்து. கொட்டிய இடம் தொடை இடுக்கு. பாராத்தியான் என்ற இன்னொரு ஆர்கனோபாஸ்பேட்டை வைத்துத் தன்னார்வலர்களிடம் நடத்திய பழைய ஆய்வுகளில் விரைப்பைத் தோல் முன்கையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் உறிஞ்சியது. நனைந்த துணி நான்கு மணி நேரம் தோலோடு ஒட்டியிருந்தது, ஆம்புலன்சிலும் கழற்றவில்லை. அதோடு நாசிலை ஊதியபோது வாய்க்குள்ளும் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வென்டிலேட்டர் தேவைப்படும் அளவுக்கு விஷம் ஏறியது, உள்ளே போனது சின்ன அளவு இல்லை என்பதற்கு நேரடிச் சான்று.

கால் விழுந்தது

வீட்டுக்கு வந்து நான்கைந்து நாள் நன்றாகத்தான் இருந்தார். விஷம் ஏறிய பதினேழாம் நாள் இரவு கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்தது. ஐ.சி.யு.வில் படுத்தே கிடந்ததால் என்று நினைத்துத் தைலம் தேய்த்தார்கள். அடுத்த சில நாட்களில் உள்ளங்கால் எரிந்தது. மூன்றாம் வாரக் கடைசியில் ரப்பர் செருப்பு காலில் நிற்கவில்லை. கழன்று விழுந்தது தெரியாமல் வெறுங்காலோடு நடந்திருக்கிறார், பின்னால் வந்த மகன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். நான்காம் வாரம் பாதம் தரையில் தேய்ந்ததால், முட்டியை உயரத் தூக்கிப் பாதத்தைப் பொத்தென்று வைத்து நடந்தார். ஐந்தாம் வாரம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

இதற்குள் இரண்டு இடங்களில் காட்டியிருந்தார்கள். ஒரு இடத்தில் முதுகுத் தண்டு எம்.ஆர்.ஐ. எடுத்து, டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாகச் சொல்லி பெல்ட் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் கில்லன் பாரே நோயாக இருக்கலாம் என்று இம்யூனோகுளோபுலின் ஊசிக்கு ஒரு தொகை சொன்னார்கள். அதற்காக மனைவியின் நகையை அடகு வைக்கக் கிளம்பியவர்களை, ஊரில் இருந்த ஒரு செவிலியர் நிறுத்தி என்னிடம் அனுப்பினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “மருந்து அடிச்சு ஐ.சி.யு.ல இருந்தாரே, அத அவங்ககிட்ட சொன்னீங்களா?” யாரும் சொல்லவில்லை. அது முடிந்துபோன விஷயம் என்றே குடும்பம் நினைத்திருந்தது.

பரிசோதனை

நான் பார்த்தபோது விஷம் ஏறி ஆறாவது வாரம். முகம், கண், நாக்கு, விழுங்குதல் எல்லாம் சரியாக இருந்தன. தோளிலும் இடுப்பிலும் பலம் ஏறக்குறைய முழுமை. கீழே போகப் போகக் குறைந்தது. ஐந்து மதிப்பெண் கணக்கில் முட்டி 4, விரல்களை ஊன்றிக் குதிகாலை உயர்த்தும் பலம் 2, பாதத்தை மேலே தூக்கும் பலம் வெறும் 1. இரண்டு காலும் ஒரே அளவு. கைவிரல்களை விரிக்கும் பலம் 3. முன்காலின் சதை வற்றத் தொடங்கியிருந்தது. கட்டைவிரலில் அதிர்வுணர்வு குறைந்திருந்தது, ஊசி குத்தும் உணர்வு கணுக்கால் வரை மங்கலாக இருந்தது. சிறுநீர் மலத்தில் தொந்தரவு இல்லை.

கணுக்கால் அனிச்சை, அதாவது சின்ன சுத்தியலால் தட்டினால் தானாக வரும் துள்ளல், இரண்டு பக்கமும் இல்லை. முட்டி அனிச்சை தூக்கலாக இருந்தது.

இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். கைகால் நரம்பு மட்டும் கெட்டிருந்தால் முட்டி அனிச்சை குறையுமே தவிரக் கூடாது. அது கூடியிருந்தால் மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் நீண்ட இழைகளும் சேதமாகியிருக்கின்றன என்று பொருள். கீழ் நரம்பும் மேல் இழையும் ஒரே சமயத்தில், இரண்டு பக்கமும் ஒத்து, ஆறு வாரத்துக்கு முன் ஆர்கனோபாஸ்பேட் விஷம் ஏறியவரிடம். இதற்கு மேல் டிஸ்க் என்று சொல்ல இடமில்லை. இடுப்பு டிஸ்க்கால் கைவிரலும் சோராது.

கில்லன் பாரேயை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. நரம்பின் உள் இழையான ஆக்சானைத் தாக்கும் அதன் வகையில் சில சமயம் அனிச்சை தூக்கலாக இருப்பதுண்டு. ஆனால் அந்த வகையில் உணர்வு நரம்பு பொதுவாகத் தப்பிக்கும், இவருக்கு அதுவும் கெட்டிருந்தது. தண்டுவட நீரில் செல்கள் இல்லை, புரதமும் சரியான அளவில் இருந்தது. கில்லன் பாரேயில் இந்த வாரங்களில் புரதம் கூடியிருப்பதே வழக்கம். சர்க்கரை, பி12, தைராய்டு, எச்.ஐ.வி. எல்லாம் பார்த்தோம், எதிலும் கோளாறு இல்லை. ஆர்சனிக் விஷமாக இருக்குமோ என்று நினைத்து நகத்தில் வெள்ளைக் கோடு தேடினேன், இல்லை.

நரம்புக் கடத்தல் சோதனைக்குப் பாண்டிக்கு அனுப்பினேன். பாதத்துச் சிறு தசைகளிலிருந்து எந்த அலையும் கிடைக்கவில்லை. கிடைத்த இடங்களில் அலையின் உயரம் மிகக் குறைவு, ஆனால் வேகம் ஏறக்குறைய சரியாக இருந்தது. அதாவது நரம்பின் மேலுறை உரியவில்லை, உள்ளே இருக்கும் ஆக்சான் இழையே செத்திருக்கிறது. ஊசி வைத்துப் பார்த்தபோது முன்கால் தசையில் நரம்பு அறுந்ததற்கான தன்னிச்சைத் துடிப்புகள் தெரிந்தன.

ரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் அளவு சரியாகவே இருந்தது. இதைப் பார்த்துவிட்டு “விஷம் போயிடுச்சு, இது வேற நோய்” என்று சொல்வது இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு. ரத்தச் சீரத்தில் இருக்கும் கோலினெஸ்டெரேஸ் சில வாரங்களில் மீண்டுவிடும். பின்னால் வரும் நரம்புச் சேதத்துக்குக் காரணமான நொதியும் வேறு.

இதன் பெயர் ஆர்கனோபாஸ்பேட்டால் தாமதித்து வரும் நரம்புநோய். பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் எம். கே. ஜான்சன் 1969இல் அந்த வேறு நொதியைக் கண்டார். நியூரோபதி டார்கெட் எஸ்டெரேஸ் என்று பெயர். நரம்புச் செல்லின் சவ்வைப் பராமரிப்பதில் இதற்குப் பங்கு உண்டு. இந்த நொதியில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மேல் மருந்து பிடித்து, அந்தப் பிடிப்பு இறுகி மீளாத நிலைக்குப் போனால், அன்றைக்கே விதி எழுதியாகிவிட்டது. ஆனால் விளைவு தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். இதை அட்ரோபினும் தடுக்காது, பிராலிடாக்ஸைமும் தடுக்காது. கார்பமேட் என்ற இன்னொரு வகைப் பூச்சிமருந்துகளின் பிடிப்பு இப்படி இறுகுவதில்லை, அதனால் அவற்றால் இந்த நோய் வருவது மிக அரிது. பைரித்ராய்டு, அதாவது சைபர்மெத்ரின் போன்றவை, முகத்தில் கொடுக்கும் குறுகுறுப்பு ஒரு நாளில் அடங்கிவிடும், இதோடு அதற்குத் தொடர்பில்லை.

பாதத்துக்குப் போகும் இழை ஒரு மீட்டர் நீளம். அதற்கான சத்தெல்லாம் தண்டுவடத்தில் உட்கார்ந்திருக்கும் செல்லிலிருந்துதான் போக வேண்டும். வீராணத்தில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை, அதுபோலத்தான் நீளமான இழை நுனியிலிருந்து சாகத் தொடங்கும். அதனால்தான் முதலில் பாதம், அப்புறம் முன்கால், அப்புறம் கைவிரல். தண்டுவடத்துக்குள் இறங்கும் நீண்ட இழைகளுக்கும் இதே கதிதான்.

குளோர்பைரிபாஸ் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோழிகளிடம் நடந்த ஆய்வுகளில், உயிரைப் பறிக்கும் அளவைத் தாண்டி மருந்து கொடுத்து, அட்ரோபினால் பிழைக்கவைத்த பிறகே இந்த நரம்புச் சேதம் வந்தது. மனிதரிலும் அப்படித்தான். முன்பு செத்துப்போயிருக்கக்கூடியவர்கள் இன்று வென்டிலேட்டரால் பிழைக்கிறார்கள். பிழைத்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கால் விழுகிறது. நல்ல ஐ.சி.யு. உள்ள ஊர்களில்தான் இந்த நோயை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

இது புது நோய் இல்லை

1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாறு என்று விற்ற மதுக் கலவையில் ட்ரை-ஆர்த்தோ-கிரெசில் பாஸ்பேட் கலந்திருந்ததால் பல்லாயிரம் பேருக்குக் கால் விழுந்தது. 1959இல் மொராக்கோவில் விமான எஞ்சின் எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் சுமார் 10,000 பேர் முடங்கினார்கள். பூச்சிமருந்து இல்லாவிட்டாலும் இதே குடும்பத்து வேதிப்பொருள்தான்.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய நிகழ்ச்சி இலங்கையில் நடந்தது. 1977-78இல் 20க்கும் மேற்பட்ட வளரிளம் தமிழ்ப் பெண்களுக்கு அடுத்தடுத்துக் கைகால் விழுந்தது. எல்லாருமே அப்போதுதான் வயதுக்கு வந்தவர்கள். சடங்கு முடிந்து உடம்பு தேற நல்லெண்ணெய் கொடுக்கும் நம் வீட்டு வழக்கப்படி அவர்கள் குடித்த எண்ணெயில் ட்ரை-கிரெசில் பாஸ்பேட் கலந்திருந்தது. இதை விசாரித்து 1981இல் எழுதியவர்களில் ஒருவர், மேலே சொன்ன அதே சேனநாயக்க. “வயசுக்கு வந்த பொண்ணுக்கு மட்டும் ஏன் வருது?” என்ற ஒரு கேள்வியிலிருந்து எண்ணெய்வரை போய்ச் சேர்ந்த விசாரணை அது. நோயாளி என்ன வேலை செய்கிறார், என்ன சாப்பிட்டார், வீட்டில் என்ன வழக்கம் என்று பொறுமையாகக் கேட்பதைவிடப் பெரிய சோதனை இந்த நோயில் இல்லை என்று நான் நம்புவது இதனால்தான்.

இந்தியாவில் பூச்சிமருந்துச் சட்டம் 1968இல் வந்ததற்குப் பின்னாலும் ஒரு துயரம் இருக்கிறது. 1958இல் கேரளத்தில் பாராத்தியான் கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஊரில் பாலிடால் என்று பாட்டிகூடச் சொல்லும் மருந்து அதுதான். சட்டத்தைத் தொடர்ந்து வந்த 1971ஆம் ஆண்டு விதிகள், மருந்து அடிக்கும் தொழிலாளிக்குக் காலாண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும், ஆர்கனோபாஸ்பேட் கையாள்பவருக்கு மாதம் ஒருமுறை கோலினெஸ்டெரேஸ் அளவும் பார்க்கச் சொல்கின்றன. தோப்புக்குத் தோப்பு டேங்குக் கணக்கில் வேலை செய்பவருக்கு முதலாளி யார் என்பதே நாளுக்கு நாள் மாறும். அவரை அந்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டியது யார்? என் நோயாளி இருபது வருடமாக மருந்து வாசத்தோடு வாழ்ந்தும், அப்படி ஒரு சோதனை இருப்பதே அவருக்குத் தெரியாது.

சிகிச்சையும் அதன் பிறகும்

செத்த இழையை மீட்க மருந்து இல்லை. இதை முதல் நாளே நேராகச் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அடுத்த நகையும் போகும். எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், பாதம் தொங்காமல் பிடிக்க லேசான பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட், உணர்வு குறைந்த காலில் புண் வராமல் இருக்க மென்மையான ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு, தினமும் பிசியோதெரபி. குதிகால் தசைநாண் சுருங்காமல் இருக்க மனைவிக்கே நீட்டல் பயிற்சி சொல்லிக் கொடுத்தோம். முந்திரி உடைத்துக் கறுத்த கையோடு தினமும் காலையும் இரவும் அவர் செய்த அந்தப் பயிற்சியால்தான் கணுக்கால் இன்றும் விறைத்துக்கொள்ளாமல் இருக்கிறது.

ஆறாம் மாதம் கைவிரல் ஏறக்குறைய முழுதாகத் திரும்பியது, பொத்தான் போட்டார். பாதத்தைத் தூக்கும் பலம் 1இலிருந்து 3க்கு வந்தது. குடும்பத்துக்குப் பெரிய மகிழ்ச்சி. எனக்கு அடுத்தது தெரியும் என்பதால் அப்போதே சொல்லிவைத்தேன்: சோர்வு குறையும்போது விறைப்பு வரும். கீழ் நரம்பு வளர்ந்து திரும்பும், தண்டுவடத்துக்குள் இருக்கும் இழை திரும்பாது. இதுவரை கீழ் நரம்பின் சோர்வு அந்தச் சேதத்தை மறைத்திருந்தது. பத்தாம் மாதம் அது வெளியே வந்தது. முட்டி அனிச்சை மிகவும் கூடியது, உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேலே போனது, நடக்கும்போது தொடைகள் ஒன்றையொன்று இடித்தன. அமெரிக்க இஞ்சிச் சாறு நோயாளிகளை 47 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து 1978இல் எழுதியவர்கள் கண்டதும் இதே விறைப்பைத்தான்.

விறைப்பைக் குறைக்கும் பாக்லோஃபென் மாத்திரையைக் கொஞ்சமாகத் தொடங்கினோம். இந்த நிலையில் விறைப்பை முழுவதுமாக எடுத்துவிட்டால் ஆள் விழுந்துவிடுவார், பலம் குறைந்த காலைத் தாங்குவதே அந்த விறைப்புதான். அளவை ஏற்றி, ஒருமுறை தடுமாறி, ஒரு படி இறக்கி நிறுத்தியிருக்கிறோம்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. கோல் ஊன்றி நடக்கிறார். குந்த முடியாது, அதனால் கீழே விழுந்த முந்திரிப் பழம் பொறுக்கும் வேலைகூட இல்லை. மேடு பள்ளத்தில் விழுகிறார். மனைவி இன்னொன்றும் சொன்னார்: “முன்ன மாதிரி இல்ல டாக்டர், சொன்னத மறந்துடறாரு, சட்டுனு கோவப்படறாரு.” நிகராகுவாவில் ஆர்கனோபாஸ்பேட் விஷத்துக்குச் சிகிச்சை பெற்ற விவசாயத் தொழிலாளர்களைச் சுமார் இரண்டு வருடம் கழித்துச் சோதித்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், நினைவாற்றலிலும் கவனத்திலும் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். அதனால் இவர் மனைவி சொன்னதை மனவருத்தம் என்று ஒதுக்காமல் நோயின் பகுதியாகவே கோப்பில் எழுதியிருக்கிறேன். மனவருத்தமும் இருக்கிறது, அதற்கும் தனியாகப் பார்க்கிறோம்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் 40 சதவீத வரம்பைத் தாண்டிக் கிடைத்தது. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விபத்து நிவாரணம் கேட்டபோது விபத்துப் பதிவேட்டில் இருந்த உட்கொண்டதாக என்ற சொல் குறுக்கே நின்றது. கூட வேலை செய்த மூன்று பேரின் வாக்குமூலம், தோல்வழி விஷம் என்பதற்கு நான் எழுதிய விளக்கம், மகன் அந்தத் தோப்பில் தேடிக் கண்டுபிடித்துக் கைப்பேசியில் எடுத்த கேன் படம் மூன்றையும் சேர்த்து மறுபடி கொடுத்திருக்கிறோம். நச்சின் கடுமையைக் காட்டும் மஞ்சள் முக்கோணமும் மருந்தின் பெயரும் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. அந்தப் படம் முதல் நாளே அவசரப் பிரிவில் இருந்திருந்தால், டிஸ்க் பெல்ட் கட்டிக்கொண்டு திரிந்திருக்க மாட்டார்.

டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன இருக்க வேண்டும்

புது ஆர்கனோபாஸ்பேட் மருந்தைப் பதிவு செய்யும் முன் வளர்ந்த கோழிகளுக்குக் கொடுத்து 21 நாள் கவனிக்கிறார்கள். எலிக்கு எளிதில் வராத இந்த நோய் கோழிக்கு வரும் என்பதால் அப்படி ஒரு சோதனைமுறை. நடையில் தள்ளாட்டம் வருகிறதா என்று ஒவ்வொரு கோழியையும் பார்க்கிறார்கள். நம் நோயாளியை எட்டாம் நாளோ பதினோராம் நாளோ வீட்டுக்கு அனுப்புகிறோம். இருபத்தோராம் நாள் அவரை யாராவது பார்க்க வேண்டும்.

அதற்குப் பெரிய கருவி வேண்டாம். குதிகாலில் பத்தடி நடக்கச் சொன்னால் போதும், பாதத்தைத் தூக்கும் பலம் குறைந்திருந்தால் நடக்க முடியாது. செருப்பு கழல்கிறதா, கெண்டைக்கால் இழுக்கிறதா, உள்ளங்கால் எரிகிறதா என்று கேட்டால் போதும். கிராமச் செவிலியரால் செய்யக்கூடியது. சீட்டில் மருந்தின் வேதிப்பெயரும், விஷம் ஏறியது வாய்வழியா தோல்வழியா வேலையிலா என்பதும், மூன்றாம் வாரம் நரம்புப் பரிசோதனை என்ற வரியும் இருந்தால் அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு அது பாதி நோயறிதல்.

அந்தக் குழுவில் அன்று வேலை செய்த மற்ற நான்கு பேரையும் வரவழைத்துப் பார்த்தேன். யாருக்கும் நரம்புச் சேதம் இல்லை. கோலினெஸ்டெரேஸ் பார்த்ததில் ஒருவருக்குக் குறைவாக இருந்தது. ஆனால் இந்த அளவு ஆளுக்கு ஆள் இயல்பிலேயே நிறைய மாறும். அவருடைய இயல்பான அளவு எவ்வளவு என்று முன்பே எடுத்துவைக்காததால், குறைந்திருக்கிறதா அல்லது அவருக்கு எப்போதுமே அவ்வளவுதானா என்று சொல்ல வழியில்லை. அதனால் மருந்து அடிக்காத ஆடி, ஆவணி மாதங்களில் நான்கு பேருக்கும் ஒருமுறை எடுத்து எழுதிவைத்தோம். குறைவாக இருந்தவருக்கு அப்போது அளவு கூடியிருந்தது. தை மாதத்தில் மறுபடி தோப்பு வேலை தொடங்கும்போது மாதா மாதம் எடுப்பதாகப் பேசியிருக்கிறோம். அந்த எண்ணிலிருந்து கால்பங்குக்கு மேல் குறைந்தால் டேங்கை இறக்கிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவதாக அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், தோப்புக்காரரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்.